ஒரு விசில், இரண்டு விசில்

போட்டியின் விதிமுறைகளை வரி விடாமல் படித்தவள் நான். சுராயா பரிசுப் பட்டியலை மட்டும் படித்தாள். மன்னார்புரத்தில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் புரோகிராம் எழுதுகிறவள். அவள் சத்தமும் அசைவும் சேர்க்கிறவள். அவள் சாந்தம், நான் வெடி. எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் காது சிவந்துவிடும் என்று சொல்லி, காதைப் பார்த்துத்தான் என்னிடம் பேச்சே எடுப்பாள்.

உலகம் முழுவதற்குமாக இணையத்தில் நடக்கிற விளையாட்டுப் போட்டி அது. பிரவுசரில் ஓடுகிற ஒரு விளையாட்டை ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். எல்லாம் சேர்த்துப் பதினைந்து கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. கல்யாண வீட்டு போட்டோ ஒன்றை நூறு துண்டாக நறுக்கினால்கூட ஒரு துண்டு அதைவிடப் பெரிதாக இருக்கும். பொதுப் பரிசு போக, விருப்பப்பட்டவர்கள் எடுத்துக்கொள்ள நாலைந்து தனிச் சவால்கள் இருந்தன. ஒரே ஒரு பட்டனால் ஆடுகிற விளையாட்டுக்கு ஒன்று, நெட் இல்லாமல் ஓடுகிற விளையாட்டுக்கு ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் ஆடக்கூடியதற்கு இன்னொன்று. அதற்கு நடுவர்களே பார்வையில்லாதவர்கள். கட்டாயம் எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் அந்தச் சவாலில் நாமும் இருக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு பட்டன் சவாலுக்குப் பரிசு நல்ல கீபோர்டு. சுராயாவுக்கு அதன்மேல் கண். எனக்குக் கண் மூடும் சவால்தான் வேண்டும். அதற்குப் பரிசு ஒரு பித்தளைத் தகடு. நாம் சொல்கிற பெயரை எழுத்திலும் பிரெய்லிலும் பொறித்து வீட்டுக்கே அனுப்புவார்கள். அதில் பொறிக்க என்னிடம் ஒரு பெயர் இருந்தது.

பெரியண்ணன், என் அப்பா. தனியார் டவுன் பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கண்டக்டர். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் போய்த் திரும்புகிற வண்டி. கடைசி இருபத்திரண்டு வருடம் அதே வண்டிக்கு அழகர்சாமி சித்தப்பா டிரைவர். சொந்தச் சித்தப்பா இல்லை, ஆனால் எனக்குக் காது குத்தின அன்று சொந்தக்காரர்களுக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்தவர். தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு அரியமங்கலத்துக்குப் போகும், அவர் வீட்டு அதிரசம் இங்கே வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி அமாவாசை அன்று, அம்மா மண்டபம் ஸ்டாப்பில் எல்லாம் முடிந்தது. தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. வண்டி முழுதாக நிற்காமல் ஊர்ந்துகொண்டிருந்தபோதே ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். அழகம்மாள் என்கிற பூக்காரம்மாவும் இறங்கினார். கூடையை உள்ளேயே விட்டுவிட்டது நினைவு வந்து, திரும்பிப் படியில் கால் வைத்தார். வண்டி சட்டென்று வேகம் எடுத்தது. பின்சக்கரம் ஏறி அந்த இடத்திலேயே இறந்துபோனார்.

டவுன் பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. டிரைவர் கண்ணாடியைப் பார்ப்பதைவிட விசிலைத்தான் நம்புவார். ரெண்டு விசில் கேட்டுச்சு, எடுத்தேன் என்று சித்தப்பா போலீசில் சொன்னார். நான் ஒண்ணுதான் அடிச்சேன் என்று அப்பா சொன்னார். கூட்ட இரைச்சலில் வேறு யாருக்கும் எதுவும் நிச்சயமாகக் கேட்டிருக்கவில்லை. வழக்கு சித்தப்பாமேல் விழுந்தது, அப்பா சாட்சியானார். கோர்ட்டில் கூண்டேறி அதே வார்த்தையைச் சொன்னார். சித்தப்பாவுக்கு லைசென்ஸ் போனது, வேலை போனது. அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். தீர்ப்பு இந்தத் தீபாவளிக்குப் பிறகு. ஜெயில் நிச்சயம் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்பாவும் கண்டக்டர் பையைக் கழற்றிவிட்டார். சத்திரம் பக்கத்தில் ஒரு டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலை. மன்னார்புரத்தில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து பழைய மொபெட்டில் போய் வருவார். மழை கொட்டினாலும் பஸ் ஏறவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விபத்து நடந்த கொஞ்ச நாளிலேயே, கண்டக்டர்தான் மாற்றிச் சொல்கிறான் என்று ஒரு பேச்சு சத்திரத்தில் கிளம்பியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்த வாரமே டீக்கடை வாசலில் சித்தப்பாவைப் பார்த்தேன். வள்ளிக்கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். என் பழங்காலப் பெயரை முழுசாக, கேலி செய்யாமல் ஆசையாகக் கூப்பிடுகிற ஆள் அவர் ஒருவர்தான். பொய் சொல்லிப் பிழைப்பதற்குப் பிச்சை எடுக்கலாம் என்று அத்தனை பேருக்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே அந்தத் தகடு எனக்கு வேண்டும். என் அப்பாவின் விசிலை உலகம் கேட்க வேண்டும், அவர் பெயர் பித்தளையில் வர வேண்டும், அதை வாசல் சுவரில் அடித்துவிட்டு ஊரைப் பார்த்து நிற்க வேண்டும். நியாயமா என்று கேட்காதீர்கள். பெற்ற அப்பாவைப் பொய்யன் என்றால் யாருக்குத்தான் நிதானம் இருக்கும்?

விளையாட்டு இதுதான். காதில் ஹெட்போன், கண் மூடியிருக்கிறது, நீங்கள் கண்டக்டர். இடது காதில் பின்படியில் இறங்குகிற காலடிகள், வலது காதில் முன்படியில் ஏறுகிற காலடிகள். கையில் இருப்பது விசில் மட்டும். கடைசிக் காலடி அடங்கிய பிறகு இரண்டு அடித்தால் வண்டி கிளம்பும். யாராவது படியில் இருக்கும்போது கிளம்பிவிட்டால் பிரேக் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை, ஆட்டம் முடிந்தது. கடைசி ஸ்டாப்பை வேண்டுமென்றே அம்மா மண்டபமாக வைத்தேன். வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது இறங்கிய காலடி ஒன்று திரும்பி ஏறும். அந்த நொடியில் ஒரே ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், அந்த உயிர் பிழைக்கும். அப்பா செய்ததாகச் சொன்னது அதைத்தான். ஒழுங்கான டிரைவராக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று என் விளையாட்டு காட்டும்.

விசில் சத்தத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை சுராயா வீட்டுக்கு வந்தாள். அப்பா ஷேவிங் பெட்டிக்குள்ளிருந்து விசிலை எடுத்தார். வாயில் வைத்து ஒன்று அடித்தார். மூன்று வருடம் ஊதாத விசில் வீட்டையே உலுக்கியது. இப்போது இரண்டு அடியுங்கள் என்றேன். அவர் விசிலை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, ஒன்றையே இரண்டு தடவை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. அட, அப்பா சொல்வது சரி, இடமும் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு விசிலைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, பதிவு எதுவும் இல்லாமல் வெறும் கணக்கிலேயே அது பிறக்கும்படி சுராயா செய்தாள். விசிலுக்குள்ளே பட்டாணி உருளுகிற நடுக்கம்கூட இருந்தது. மூன்று ராத்திரி அதற்கே போயிற்று என்று குறைப்பட்டுக்கொண்டாள். முடிந்ததும் அப்பாவை ஆடிப் பார்க்கச் சொன்னேன். கண் வலிக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற விளையாட்டுக்குக் கண் வலியா என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆபீஸில் ஏழு பேர் ஆடினார்கள், சுராயாவின் தம்பிகள் ஆடினார்கள். எல்லோரும் பாராட்டினார்கள், யாரும் எந்தச் சந்தேகமும் கேட்கவில்லை. விளக்கக் குறிப்பில் ஒரே வரி எழுதினேன்: விசில் அடிக்க ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். இரண்டு சவாலுக்கும் டிக் அடித்து அனுப்பினோம். பொறிக்க வேண்டிய பெயர் என்ற இடத்தில் கண்டக்டர் பெரியண்ணன் என்று எழுதினேன்.

ஐப்பசி பிறந்ததும் முடிவு வந்தது. கண் மூடும் சவாலில் நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தெட்டாவது. கீபோர்டும் இல்லை, தகடும் இல்லை. மதிப்பெண்ணோடு நடுவர்களின் குறிப்புகளும் வந்திருந்தன. சத்தம் அற்புதம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே எல்லோரிடமும் ஒரே புகார்: போகச் சொல்லி ஒருமுறை அடித்தால் வண்டி நிற்கிறது, என்ன செய்ய வேண்டும் என்றே புரியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சுராயாவிடம் போனில் கத்தினேன். அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

"வள்ளி, ஒண்ணுன்னா நில்லு, ரெண்டுன்னா போன்னு நாம எங்கயுமே எழுதலடி."

தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு வரி. பதினைந்து கிலோபைட்டில் அந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமலா போயிற்று? பிறந்ததிலிருந்து பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு செய்தியாகவே தோன்றவில்லை. ஆடிப் பார்த்த ஏழு பேருக்கும் தோன்றவில்லை. கடல் தாண்டி இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது, அப்பாவைச் சிரிக்க வைக்கலாம் என்று அந்தக் குறிப்புகளைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசிக் குறிப்புதான் நீளமானது, எழுதியவர் பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு நடுவர். அதை இப்படிச் சொன்னேன்: வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. இறங்கிய ஒருவர் திரும்பி ஏறுகிற காலடி கேட்டது. நிறுத்து என்று சொல்லத்தான் பதறிப்போய் அடித்தேன். பதற்றத்தில் இரண்டு அடித்துவிட்டேன், வண்டி அவர்மேல் ஏறிவிட்டது. ஆபத்தைக் கண்டு பதறுகிறவன் ஒரே ஒருமுறை அடித்துவிட்டு நிதானமாகக் கையை எடுத்துவிடுவான் என்று இதைச் செய்தவர்கள் எப்படி நம்பினார்கள்?

எப்படிக் குறை சொல்கிறான் பாருங்கள் என்று நான் சிரித்தேன். அப்பா கையில் உருட்டிய சோறு அப்படியே இருந்தது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மா தட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அவருக்குக் கண்ணு தெரியாதுன்னியேம்மா."

"ஆமாப்பா."

"அங்க நின்னு பாத்த மாதிரி சொல்றாரே." சோற்றைத் தட்டில் வைத்தார். "நானும் நிறுத்தச் சொல்லித்தான் அடிச்சேன் வள்ளி. பதட்டத்துல ரெண்டு வந்துருச்சு."

எனக்கு முதலில் அது புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

அவர் தலையை நிமிர்த்தாமலே மற்றதைச் சொன்னார். எத்தனை விசில் என்று ஸ்டேஷனில் கேட்டபோது மனதில் நின்றது நிறுத்தச் சொல்லி அடித்தோம் என்பது மட்டும்தானாம். நிறுத்தச் சொன்னால் ஒன்றுதானே? அதனால் ஒன்று என்றாராம். எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் பீ பீ என்று இரண்டும் காதில் திரும்பக் கேட்டதாம். மறுநாள் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தார். பயம். அதற்கடுத்த நாளும் பயம். கோர்ட்டில் கேட்டபோது அது பழகின வார்த்தையாகிவிட்டிருந்தது.

"அப்ப சித்தப்பா?" என்று கேட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றைத்தான் மூன்று வருடமாக நாங்கள் மூன்று பேரும் தின்றிருக்கிறோம். அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பது அவள் முகத்தில் இருந்தது. அப்பாவை என்னென்னவோ சொல்லித் திட்டினேன், இங்கே எழுத முடியாது. திட்டத் திட்ட டீக்கடை வாசல்தான் கண்ணில் நின்றது. பிச்சை எடுக்கலாம் என்று நான் சொன்ன வார்த்தை இப்போது என் வீட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. அன்று நான் அழுதது அப்பாவுக்காக இல்லை.

காலையில் அப்பா சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அரியமங்கலம் போகலாம் என்றார். ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றார். பொய்ச் சாட்சி என்று உங்கள்மேல் வழக்கு வருமே என்று கேட்டேன். வரட்டும் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. முந்தின இரவு திட்டித் தீர்த்த மனிதரைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும்போலக்கூட இருந்தது. ஆனால் இழுக்கவில்லை.

பஸ்ஸில் ஒவ்வொரு விசிலுக்கும் அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் பையன் டிக்கெட் கிழித்துக் கொடுத்தபோது, படியைப் பாத்து அடிப்பா என்று மட்டும் சொன்னார். அவன் ஏதோ கிழவர் என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டார். அப்பா உட்காரவில்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, நின்றபடியே சொன்னார்.

"அழகரு, நான் ரெண்டுதான் அடிச்சேன். நீ கேட்டது சரி."

உள்ளே லேத் ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"தெரியும்ணே," என்றார். பிறகு தலையை ஆட்டினார். "இல்ல, பொய். மொதல் வருசம்தான் தெரியும். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அண்ணன் பொய் சொல்ல மாட்டாரே, அப்ப நம்ம காதுதான் தப்போன்னு. காது டாக்டர்ட்ட போய் டெஸ்ட் எடுத்தேன். ரெண்டு காதும் நல்லா இருக்குன்னாரு. அவரையும் நம்பல. பூக்காரம்மாவ நான்தான் கொன்னுட்டேன்னு முடிவு பண்ணிட்டேண்ணே. தீர்ப்புல என்ன சொன்னாலும் வாங்கிக்கணும்னு இருந்தேன்."

அப்பா குனிந்து அவர் காலைத் தொடப் போனார். சித்தப்பா தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. கோர்ட்ல சொல்லுவீங்களா என்று கேட்டார். வக்கீலிடம் இன்றைக்கே போகிறேன் என்றார் அப்பா.

நானும் பேச வேண்டியிருந்தது. டீக்கடை வாசலில் சொன்னதற்கு என்று ஆரம்பித்தேன். இப்ப எப்படி இது வெளிய வந்துச்சு வள்ளிக்கண்ணு என்று அவர் இடையிலேயே கேட்டார். மூன்று வருடம் கழித்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். போட்டியைச் சொன்னேன், சவாலைச் சொன்னேன், எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியைச் சொன்னேன், கண் தெரியாத நடுவரின் குறிப்பைச் சொன்னேன். போனில் இருக்கிறதா என்று கேட்டார். ஹெட்போனை எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

நேராகக் கடைசி ஸ்டாப்பைத் திறந்தேன். போனை நான் வைத்துக்கொள்ளவில்லை, அப்பா கையில் கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அடிக்க முடியாமல் விட்ட இரண்டாவது விசில் இப்போது அவர் விரலடியில் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். அடியுங்கப்பா என்றேன். அவர் ஒருமுறை தட்டினார், உடனே இன்னொருமுறை தட்டினார்.

எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. சித்தப்பாவின் இடது கால் மட்டும் கிளட்சை மிதிக்கிற மாதிரி மண்ணில் அழுந்தியது, இடது கை கியரைத் தேடியது. பிரேக் சத்தம் வரைக்கும் கேட்டிருப்பார்போல. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, இரண்டு காதையும் இரண்டு கையாலும் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டுதான்," என்றார். "எனக்கு நல்லாத்தான் கேட்டிருக்கு."